தடவிக் கொடுத்த வரிசை

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை எல்லாரும் ஸ்கேலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டுப் பையிலிருந்து எந்நேரமும் ஒரு ஸ்கேல் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்கும் நூற்றிருபது தக்காளிச் செடிகளையும் தினமும் காலையில் ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதையேதான் செய்கிறாள், ஒரு நாளும் அலுத்ததில்லை. பஸ் ஓட்டும் கணவர், "ஏதோ ஊரையே அளந்துட்டு வந்த மாதிரி பீத்திக்கிற" என்பார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்த வருடம் பாதிச் செடிகளுக்கு உப்புத் தண்ணீர், பாதிக்கு நல்ல தண்ணீர். உப்பு குடித்த செடி குட்டையாகும், நல்ல தண்ணீர் குடித்தது வளரும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஆய்வாளரம்மாவின் நாலு மாத உழைப்பே. ஆனால் ஐந்தாவது வாரத்தில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உயரம். நல்ல தண்ணீர் வரிசையில், சுவரோரம் ஸ்கேல் மட்டுமே எட்டும், கை எட்டாத இடத்தில் இருந்த நாலு செடிகள் மட்டும் நெடுநெடுவென்று நின்றன. அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை.

பழி தண்ணீர் ஊற்றுகிறவர் தலையில் விழுந்தது. அதிகம் பேசாத மனிதர்.

"நல்ல தண்ணி வரிசைக்கு அரைகுறையா ஊத்தியிருக்கார். வேற ஆள் கேட்டு எழுதப் போறேன்" என்றாள் ஆய்வாளரம்மா.

"நான் ஒரு நாள்கூட குறைச்சு ஊத்தலக்கா" என்று அவர் ஸ்கேலம்மாவிடம் வந்து சொன்னார். பாவமாக இருந்தது. அவள் என்ன செய்வாள்? தங்கை மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பத்து நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வந்து அளந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்புச் செடிகள் அப்படியே இருந்தன. நல்ல தண்ணீர் வரிசையோ மூன்று வாரத்தில் வளராத உயரத்தைப் பத்து நாளில் வளர்ந்திருந்தது.

"பாத்தீங்களா? ரெண்டு சத்தம் போட்டதும் ஒழுங்கா ஊத்துறார்" என்றாள் ஆய்வாளரம்மா. அவரை மாற்றச் சொல்லும் கடிதம் கையெழுத்தோடு மேஜைமேல் இருந்தது.

ஸ்கேலம்மா நோட்டைப் புரட்டினாள். சுவரோரத்து நாலு செடிகளுக்கும் ஊற்றியது அதே கை, அதே தண்ணீர். அவை முதல் நாளிலிருந்தே ஒழுங்காகத்தான் வளர்ந்திருந்தன. அந்த நாலுக்கும் மற்றவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போனாலும் போகும். வாயை மூடிக்கொண்டால் அந்த மனிதருக்குப் போகும்.

"மேடம், அவர் மேல தப்பில்ல. நான்தான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"தடவிக் குடுத்தேன்."

உப்புச் செடியின் இலை ஒடியும், தொடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் வைத்திருந்த பாசமெல்லாம் நல்ல தண்ணீர் வரிசைக்கே போனது. அளந்து முடித்ததும் ஒவ்வொரு செடியையும் கீழிருந்து மேலாக நாலு தடவு. சாயங்காலம் போகும்போது இன்னொரு சுற்று.

ஆய்வாளரம்மா நோட்டை வாங்கி அந்த நாலு செடிகளின் கணக்கைப் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று ஸ்கேலம்மா காத்திருக்க, அவள் சிரித்துவிட்டாள்.

"வேர்ல உப்பு பட்டா செடிக்குள்ள ஒரு ஹார்மோன் சுரக்கும். இலையில இருக்கிற குட்டிக் குட்டி வாயையெல்லாம் மூடு, தண்ணியை விடாதன்னு சொல்லும். அதைத்தான் நான் பாத்துட்டிருந்தேன். நீங்க தடவினா அதுக்குப் பாசமெல்லாம் தெரியாது. பலமா காத்தடிக்குதுன்னு நினைச்சுக்கும். வேற ஹார்மோன் சுரக்கும். உயரமானது போதும், தண்டைத் தடிப்பாக்குன்னு செல்லுக்கெல்லாம் சேதி போயிடும்."

கடிதம் குப்பைக்கூடைக்குப் போனது. வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர், "நான் ஏன் வளரலைன்னு இப்பத்தானே தெரியுது" என்றார்.

"நீங்க கல்யாணத்தப்பவே இவ்ளோதான்" என்றாள் அவள்.

மறுபடி விதை போட்டார்கள். இந்த முறை மூன்றாவதாக ஒரு வரிசையும் உண்டு. அதில் செடிக்கு இருபது தடவு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தடவுவது ஸ்கேலம்மாதான். மற்ற இரண்டு வரிசைகளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். செடிகளை வெளியே காற்றில் வைத்துப் பார்த்த அன்று நெட்டைச் செடிகள் சாய, அவளுடைய குட்டைகள் கம்பு மாதிரி நின்றன. அவளைவிடத் தண்ணீர்க்காரருக்குத்தான் அதில் பெருமை.

எத்தனை தடவினாள் என்பதை இப்போது நோட்டில் எழுதியாக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் இருபது, இருபது என்று இறங்கிக்கொண்டே போகிறது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு செடிக்கு நேராக மட்டும் இருபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அன்றுதான் அது முதல் பூ விட்டிருந்தது.