மூன்று மாதம் தாண்டினால் சம்மதம்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தங்கையான என்னிடம் விட்டுவிட்டார்கள். எனக்கும் எழுபது ஆகப்போகிறது. முழங்கால் வலியோடு உட்கார்ந்து புகழ்மாலை கட்டத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடற்கரையில் பிறந்தார். அப்பா சரக்கு ஏற்றும் பழைய நீராவிக் கப்பல் ஒன்றில் சமையல்காரர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் அம்மா சொல்லச் சொல்லக் கடிதம் எழுதியதும், வந்த கடிதத்தை வாசித்துச் சொன்னதும் அக்காதான்.

கப்பல் தபாலை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். நாங்கள் ஒரு துறைமுகத்துக்கு எழுதினால், அது போய்ச் சேரும்போது அப்பாவின் கப்பல் அடுத்த துறைமுகத்தில் நிற்கும். கடிதம் வேறொரு கப்பலில் ஏறிப் பின்னாலேயே அலையும். கிறிஸ்துமஸ் வாழ்த்து தவக்காலத்தில் வரும். ஜூனில் எழுதியது வந்து ஒரு மாதம் கழித்து ஏப்ரலில் எழுதியது வரும். சில கடிதங்கள் வரவே வராது. இதற்காக அப்பா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வீட்டுக் காரியம் எதுவானாலும் எழுதிக் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பதில் வராவிட்டால் அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு செய்துவிடலாம். கூரையை மாற்றி ஓடு போட்டதும், என்னைக் கான்வென்டில் சேர்த்ததும் அப்படித்தான்.

அக்கா பள்ளி இறுதித் தேர்வில் தேறி, ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த நேரம். புதுக்கடைப் பக்கமிருந்து அத்தானின் சம்பந்தம் வந்தது. மீன் வியாபாரம், நல்ல குடும்பம். "அப்பாவுக்கு எழுது மக்களே" என்று அம்மா அக்காவிடம் சொல்ல, தன் கலியாணத்துக்குச் சம்மதம் கேட்கும் கடிதத்தை அக்காவே எழுதினார். விண்ணப்பத்தைப் பற்றி அம்மா எதுவும் சொல்லவில்லை, அக்காவும் தானாக ஒரு வரி சேர்க்கவில்லை.

மூன்று மாதம் போயிற்று. பதில் இல்லை. கோயிலில் மூன்று ஞாயிறும் கலியாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஊரையே கேட்டார்கள். அக்காவைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. நானும் கேட்கவில்லை. பீடத்தின் முன் பங்குச்சாமியார் சம்மதமா என்று கேட்டாரே என்பீர்கள். பந்தல் போட்டு, பந்திக்கு இலை வெட்டிய பிறகு கேட்பது ஒரு கேள்வியா?

கலியாணம் முடிந்து ஐந்தாம் வாரம், அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது தபால்காரர் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தார். உறை முழுக்க முத்திரைகள். அக்கா வழக்கம்போல அம்மாவுக்கு உரக்க வாசித்தார். நான் அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எழுத்தெல்லாம் எனக்கும் தெரிந்தது. உடம்பு சுகம், கடல் மோசம் என்பதையெல்லாம் வாசித்தவர், நடுவில் இரண்டு வரியை மட்டும் தாண்டிப் போனார். "மகளுக்கு இஷ்டமா என்று கேட்டாயா? அவள் சொல்வதுதான் என் பதில்" என்று அப்பா எழுதியிருந்தார்.

"கலியாணத்தப் பத்தி ஒண்ணும் எழுதல்லியா மக்களே?" என்று அம்மா கேட்டார்.

"சம்மதமாம் அம்மா" என்றார் அக்கா.

பிறகு அடுக்களையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அம்மைக்கிட்ட சொல்லாண்டாம். பாவம், அவ தாங்க மாட்டா" என்றார். அம்மா சொல்லச் சொல்லப் பதில் கடிதத்தையும் அவரே எழுதினார். "மகளுக்குச் சம்மதம்தான், சந்தோஷமாக இருக்கிறாள்" என்ற வரி மட்டும் அம்மா சொல்லாதது. எனக்குத் தபாலின் மீது இன்றும் கோபம் உண்டு. ஆனால் அதைக் குறை சொல்லி என்ன? யாரைக் கேட்க வேண்டுமோ அவர் எங்களோடு ஒரே பாயில் படுத்திருக்க, நாங்கள் கடல் தாண்டிப் பதில் வரும் என்று காத்திருந்தோம். அம்மா காலமாகும்வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அத்தான் கெட்டவர் அல்ல. முன்கோபம் உண்டு, உழைப்பும் உண்டு. மகனுக்கு ஒன்பது வயதாகும்போது நெஞ்சுவலியில் போனார். அதன்பின் அக்கா மீன்கூடையோடு கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போய் அவனைப் படிக்க வைத்தார். சந்தையில் மற்ற பெண்களுக்கு மனு எழுதுவது, படிவம் நிரப்புவது எல்லாம் அவர்தான். வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். எனக்கு நினைவில் நிற்பது அசந்துபோன அந்த முகம்தான்.

சென்ற ஆண்டு மூச்சுத்திணறலால் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "நுரையீரல் இனித் தேறுவது கடினம். தொண்டையில் குழாய் போட்டு இங்கேயே வைக்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். முடிவு சொல்லுங்கள்" என்றார் டாக்டர். மகன் சொல்லட்டும் என்றோம். அவன் இப்போது சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பல் நடுக்கடலில். வாட்ஸ்அப்பில் அனுப்பியது இரண்டு நாளாக ஒற்றை டிக்கோடு நின்றது. "மவன் பதில் வரட்டும், வரட்டும்" என்று வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குத் திடீரென்று வெட்கமாகிவிட்டது. எழுந்து உள்ளே போனேன்.

"அக்கா, கொழாய் போட்டு இங்க இருக்கணுமா, வீட்டுக்குப் போவமா? ஒனக்கு எது இஷ்டம்?"

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "எங்கிட்டயா கேக்குத?"

"ஒங்கிட்டதான்."

"இரு ஏட்டி. யோசிச்சுச் சொல்லுதேன்."

அப்போது காலை பத்து மணி. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாலை நான்கு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போவோம். கொழாய் வேண்டாம்" என்றார்.

வீட்டில் எட்டு நாள் இருந்தார். மகனின் பதில் மூன்றாம் நாள் வந்தது. அவனால் அடக்கத்துக்கு வர முடியவில்லை, இந்த நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கிறான். அந்த எட்டு நாளும் வந்து செபித்த அன்பியக் குழுவினருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், கட்டிலோடு தூக்கி வீடு சேர்த்த அண்டைவீட்டாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்த உறவினர்கள் அனைவருக்கும் என் தனி நன்றி. அக்காவின் ஒரு சொல்லுக்காக அவர் ஆயுளில் நாம் காத்திருந்தது அந்த ஆறு மணி நேரம்தான்.