பச்சைப் பட்டை

பெங்களூரு அலுவலகத்தின் வேலையை அக்கா எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மாடியறையிலிருந்து செய்துகொண்டிருந்த காலத்தில், அவளிடம் பேசலாமா கூடாதா என்பதைக் கணினித் திரையின் அடியில் ஓடிய மெல்லிய பட்டையே எங்களுக்குச் சொல்லும். சிவப்பென்றால் வாசலோடு நின்றுவிட வேண்டும். பச்சையென்றால் உள்ளே போகலாம்.

அவளுடைய வேலை தரவுத்தளப் பராமரிப்பு. வாடிக்கையாளர்களின் உண்மைத் தகவல்கள் இருந்தது லைவ் சர்வரில். அதே அட்டவணைகளை அதே பெயர்களில் வைத்து, எதையும் பயமின்றி அழித்துப் பார்ப்பதற்கென இருந்தது டெஸ்ட் சர்வர். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இதென்று எண்ணி அதில் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக லைவ் இணைப்புக்குச் சிவப்பும் டெஸ்ட் இணைப்புக்குப் பச்சையும் கொடுத்திருந்தாள்.

அம்மாவுக்கும் இது பழகிவிட்டது. அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"ஏட்டி, அக்கா செவப்புல இருக்காளா, பச்சையில இருக்காளா?"

"செவப்பு."

"அப்போ தோசையைப் பொறவு ஊத்துதேன். சர்வருக்கு மட்டும் பசிக்காது பாரு."

நான் அதிகம் பேசாதவள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்பதற்குள் மணி அடித்துவிடும். பச்சை நேரங்களில் மட்டும் அக்காவின் கட்டில் ஓரத்தில் அமர்ந்து, அன்று நடத்திய பாடலில் எனக்குப் பொருந்தாமல் நின்ற ஒரு சொல்லைப் பற்றி நெடுநேரம் பேசுவேன். அவள் தட்டச்சு செய்துகொண்டே "பொறவு?" என்பாள்.

அப்போதுதான் எல்லாரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீட்டிலிருந்தே தொடர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்கலாம். அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் மனத்துக்குள் ஒரு வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். வியாழன் மாலை எட்டிப் பார்த்தபோது பட்டை பச்சையாக இருந்தது. உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, இங்கனயே இருந்து வேலை பாக்குதேன்னு எழுதிக் கேளேன். நீ போயிட்டா எனக்குப் பேச ஆளு கெடையாது."

"ம்… சரிட்டி," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தச் சொல்லை நம்பி ஒரு வாரம் இருந்தேன். பிறகு ஒரு காலையில் அவள் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ கேக்கலையா?"

"எதை?"

"வியாழக்கெழம சொன்னேம்லா. சரின்னியே. பச்சையிலதான இருந்தே?"

அக்காவின் கை நின்றது. சற்று யோசித்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"அது பச்சை இல்லட்டி. தொறந்த விண்டோவுலயே கனெக்‌ஷனை மாத்துனா சில நேரம் பட்டை பழைய கலர்லயே நின்னுரும். அன்னைக்கு நான் லைவ்லதான் இருந்தேன். நீ வந்ததே எனக்கு ஞாபகம் இல்ல. கலரை மட்டும் நம்பாதீங்க, சர்வர் பேரையும் வாசிங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லுதேன். உங்கிட்டச் சொல்லல பாத்தியா."

மேசைமேல் திறந்திருந்த மடிக்கணினியை மூடிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு. என்ன கேட்டே?"

இரு கண்களும் என் மேல் இருந்தன. இத்தனை நாளும் அவளுடைய பக்கவாட்டு முகத்திடம்தான் பேசியிருக்கிறேன் என்பது அப்போது புரிந்தது. திருத்தி வைத்த வாக்கியம் இரண்டாம் முறை வரவில்லை. வெள்ளியும் கடந்துவிட்டது.

"ஒண்ணுமில்லக்கா," என்று சொல்லி, கட்டிலில் கிடந்த சுடிதாரை எடுத்து மடித்துக் கொடுத்தேன். அதை வாங்கிப் பெட்டியில் வைத்தபோதும் அவள் கண் என் மேலேயே இருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் காணொளியில் அழைக்கிறாள். வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முகம் திரை நிறைய, "சொல்லுட்டி" என்கிறாள். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், ஆற்றில் தண்ணி வந்திருக்கு என்கிறேன். அதற்குமேல் எனக்கு ஓடுவதில்லை. போனை ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு நீ உன் பாட்டுக்கு வேலையைப் பாரு, நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் ஒருநாள் கேட்க வேண்டும். அதையும் இன்னும் கேட்கவில்லை.