முகப்பில் வைக்காத படம்

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். திறந்ததும் பெரிதாக ஒரு படம், ஒரு வரி, விலைப்பட்டியல் கேட்க ஒரு பட்டன். அது போதும், வந்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள்.

படத்துக்கு என் அண்ணன் மனைவியைக் கேட்டேன். அந்தக் கம்பெனியில்தான் மதினி புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். கல்யாணச் சேலை கட்டி, பூ வைத்து, புஸ்வாணப் பெட்டியை ஏந்தி நின்றாள். எவ்வளவு தேய்த்தும் கையில் ஏறிய மருந்துக் கறை மட்டும் போகவில்லை.

முதலாளி படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா, கை இப்படிக் கறுத்துக் கெடக்கு? இதப் பாத்தா பிள்ளைகளுக்கு யாரு வாங்குவா?"

வியாபாரத்துக்கு அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. செக்கச்செவேலென்று ஒரு குடும்பம் மத்தாப்புப் பிடித்துச் சிரிக்கும் படத்தை விலைக்கு வாங்கிப் போட்டேன். ஒரே வாரத்தில் விலை கேட்டு விசாரணைகள் குவிந்தன. முதலாளி என்னைப் பாராட்டினார்.

மதினி பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்து என் போனை வாங்கினாள். "நான் எங்கன இருக்கேன்?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "கீழ இருக்கும் மதினி, தள்ளிப் பாருங்க" என்றேன்.

கடைசி வரை தள்ளினாள். மறுபடி மேலே போய்த் தேடினாள். பக்கத்து வீட்டுக்காரி வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விட்டாள்.

"என் மூஞ்சி நல்லா விழலையாக்கும்" என்று போனைத் திருப்பித் தந்தாள் மதினி. அப்படியில்லை என்றுகூட நான் சொல்லவில்லை.