மற்றவை பழையபடி

வண்டிகளுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வரைபடம் போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக ஒரே ஸ்டூல், ஒரே ஜன்னல். பட்டறையில் எல்லோருக்கும் அவள் ஸ்கேலக்கா. அளவில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் விண்கலம் வரைவாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனாரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடக்கும். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகி, கிரகத்துக்குக் கிரகம் தபாலும் பார்சலும் கொண்டு போக வேண்டும். கதையை நடத்துபவர் பக்கத்துத் தெருக் கணக்கு வாத்தியார். ஸ்கேலக்காவின் கணவர் டிரைவர். லீவு கிடைத்தால் அவரும் வந்து உட்காருவார்.

விளையாட்டுப் புத்தகத்தில் இருந்தது ஒரே ஒரு கூரியர் கப்பல். நூறு டன். அதிலிருந்து அவள் பதினொரு வகை செய்திருந்தாள். வேகக் கப்பலுக்காகச் சமையலறையைத் தியாகம் செய்தாள். ஒற்றர் கப்பலில் மாலுமி நின்றுகொண்டே தூங்க வேண்டும். ஒரு டன் கூட்டினால் எங்காவது ஒரு டன் கழித்தாக வேண்டும். அந்த இழுபறிதான் அவளுக்கு உயிர். பட்டறையிலும் அதே முறைதான். பழைய படத்தின் மேல் மாறுவதை மட்டும் சிவப்பில் வரைவாள். ஓரத்தில் இரண்டே சொல்: ‘மற்றவை பழையபடி’.

அந்த ஞாயிறு பன்னிரண்டாவது கப்பல் மேசைக்கு வந்தது. சரக்கறையைக் குளிரறையாக மாற்றிய மருந்துக் கப்பல்.

“நான் உள்ள போய் மருந்துப் பெட்டிய எடுக்கறேன்” என்றாள் மாலுமியான நாத்தனார்.

வாத்தியார் பகடையை உருட்டினார். “கப்பல் குலுங்குது. கதவு சாத்திக்கிச்சு.”

“சரி, தெறந்துட்டு வரேன்.”

வாத்தியார் படத்தின் மேல் விரலை ஓட்டினார். “எதைப் பிடிச்சுத் தெறப்பீங்க? கைப்பிடி வெளியில மட்டும்தானே இருக்கு.”

“எங்கம்மா மேல இருக்கிற கோவத்துக்கு என்னை உறைய வெச்சுக் கொல்லப் பாக்கறீங்களா, அண்ணி?”

வாத்தியார் குலுங்கிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கண் கப்பல் படத்தின் ஓரத்தில் எழுதியிருந்த அந்த இரண்டு சொற்களிலேயே நின்றுவிட்டது. பார்சல் அறைக்கு உள்கைப்பிடி தேவையில்லை. ஆள் நுழைந்து வேலை செய்யும் குளிரறைக்குத் தேவை. போன மாதம் பட்டறையில் ஒரு பார்சல் வண்டியைக் குளிர்வண்டியாக மாற்றி வரைந்தாள். அதன் பின்கதவு சாத்தினாலே கொக்கி விழுந்து பூட்டிக்கொள்ளும். அந்தப் படத்தின் ஓரத்திலும் அவள் கை அதையேதான் எழுதியிருந்தது.

இன்று காலை அந்தப் புது வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் அவள் கணவர். தனியாக.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். அதே குரல்.

“அண்ணி, என்ன ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சே.”

“உங்கண்ணன் போன மருந்துக் கிடங்கு நம்பர் உன்கிட்ட இருக்கா?”

இருந்தது. காவலாளி எடுத்தார். “வண்டி வந்திருக்கும்மா. இன்ஜின் ஓடிக்கிட்டே நிக்குது. டிரைவரைக் காணோம், டீ குடிக்கப் போயிருப்பாரு.”

“அவர் டீயே குடிக்கறதில்ல, அண்ணே. பின்கதவைத் தெறங்க.”

“டிரைவர் இல்லாம கை வெச்சா என் வேலை போயிரும்மா.”

“அந்தக் கதவை வரைஞ்சவ நான். உள்ளேர்ந்து தெறக்க முடியாது. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், தெறங்க.”

சரளைக் கல்லில் செருப்புச் சத்தம். அது நடக்கிற சத்தம். ஓடுகிற சத்தமாக இல்லையே என்று அவள் நெஞ்சு கதறியது. பதினைந்து வருடம் கூடவே வாழ்ந்த மனிதர். காலையில் ‘வரேன்’ என்றபோது இவள் குளிரறையின் டன் கணக்கிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாத்தனார் அவள் தோளை இறுகப் பிடித்திருந்தாள். வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார்.

கொக்கி விலகும் ஓசை. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு ஒரு இருமல்.

“உசுரோட இருக்காரும்மா” என்றார் காவலாளி. போன் கை மாறியது.

“எப்படித் தெரிஞ்சுது உனக்கு?” பற்கள் தந்தியடித்தன. “தட்டித் தட்டிக் கை மரத்துப் போச்சு.”

“கதவை அப்படி வரைஞ்சது நான்தாங்க.”

“சரி, பேசிக்கிட்டே இரு. வெச்சுடாத.”

“அதே படத்துல இன்னும் ரெண்டு வண்டி ஓடுதுங்க.”

போனை நாத்தனாரிடம் கொடுத்தாள். வாத்தியாரின் போனை வாங்கிப் பட்டறை முதலாளியை அழைத்தாள்.

“என்ன ஸ்கேலக்கா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?”

“என் படத்துல தப்பு, முதலாளி. உள்ள மாட்டினா ஆள் செத்துருவாங்க. அந்த ரெண்டு டிரைவருங்க நம்பரையும் சொல்லுங்க. என்னை அப்புறமா வேலைய விட்டுத் தூக்கிக்கலாம்.”

முதல் டிரைவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது எண் அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது மணியில் எடுத்தார்.

“வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். யாருங்க?”

“ஓரமா நிறுத்துங்க, தம்பி” என்றாள். “நிறுத்திட்டு, இறங்காம நான் சொல்றதைக் கேளுங்க.”