பாஷண்டியும் பாசந்தியும்

இன்று கும்மிடிப்பூண்டியில், பெண்ணைக் கொடுக்கப் போகும் வீட்டில்...

பையன் சாமுவேல். என் மகள் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலேயே ஷிஃப்ட் இன்ஜினியர். வீட்டில் எல்லோரும் ஜெபசபைக்காரர்கள்.

நாங்கள் திருவள்ளூரில் கோவில் கைங்கரியக் குடும்பம். (மேற்கொண்டு விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.)

பெரியவர் ஒருவர் சரி என்றால்தான் தேதி குறிக்க முடியும். அதனால் என் அக்கா வீட்டுக்காரர், அத்திம்பேரையும் அழைத்துப் போனேன்.

காபி வந்தது. அவர் தொடவில்லை.

என் காதோடுதான் சொன்னார். அவருக்குக் காது மந்தம், ஆகையால் கூடத்துக்கே கேட்டது: "பாஷண்டி ஆத்துல காபியாடா?"

சாமுவேலின் அம்மா முகம் மலர்ந்தது. "சாமிக்குக் காபி வேணாமாம். பாசந்தி கேக்குறாரு. சாமு, வண்டிய எடுத்துக்கினு போயி வாங்கினு வா."

வந்தது. கிண்ணத்தில் ஊற்றி எதிரில் வைத்தார்கள்.

அத்திம்பேர் நேர்மையானவர். (சமயங்களில் தொந்தரவு.) "நான் பாசந்தி கேக்கலம்மா. பாஷண்டின்னேன்."

"அப்டின்னா இன்னா சாமி?"

"இவன்தான் சமஸ்கிருதம் படிச்சவன். இவனைக் கேளுங்கோ."

மகள் என்னையே பார்த்தாள். இனிப்புக்கு இன்னொரு பெயர் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் எனக்குத் தைரியம் போதாது.

"இப்போ அது வசவும்மா. வேதத்தை ஒத்துக்காதவாளைச் சொல்றது. ஆனா ரொம்பப் பழைய கல்வெட்டுல வசவு இல்லை. எந்தச் சமயக் கூட்டத்துக்கும் அதே பேர்தான். நீங்க சபைங்கற மாதிரி. 'பரிஷத்'லேர்ந்து வந்ததுன்னு சிலர் சொல்றா. எனக்கு நிச்சயமாத் தெரியாது."

"அப்ப நீங்களும் அதானா?"

"பழைய அர்த்தத்துல... ஆமாம்."

"சாமியும்?"

அத்திம்பேர் பக்கம் திரும்பாமலே சொன்னேன். "அவரும்தான்."

அந்த அம்மாள் சிரித்தார்.

"ஜாதகம் கேப்பீங்களேன்னு ரெண்டு நாளா ஒரே பேஜாரு. ரெண்டு ஊடும் பாஷண்டி. இத்த விட இன்னா பொருத்தம் வேணும்? சாப்புடுங்க சாமி."

அத்திம்பேர் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடுத்துக்கொண்டார். (கடையில் வாங்கியதற்குத் தோஷமில்லையாம்.)

திரும்பும்போது கார் பெரியபாளையத்தைத் தாண்டியது.

அத்திம்பேர் சொன்னார்: "முகூர்த்தச் சாப்பாட்டுல பாசந்தி போட்டுடு."

நண்பர்களே, 'பரிஷத்' விஷயத்தில் எனக்கு இன்னமும் சந்தேகம். தெரிந்தவர்கள் கீழே திருத்துங்கள்.

ஆனால் தை மாதம் தேதி குறித்தாகிவிட்டது. சொல்லின் வேர் வேறாக இருந்தாலும் அதை மாற்றுவதாக இல்லை.