பேக்கரிக்காரர் கேட்ட வித்தியாசம்

அரசியல் பேசியதில் இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே லாபம் தொண்டைக் கட்டு. ஹட்டன் கடைத்தெருவில் தண்ணீர்ப் பைப் விற்கிறவன் நான். நாடு எங்கெங்கே ஒழுகுகிறது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் அலுத்துவிட்டது. என் கருத்துக்காரர்களோடு பேசினால் நான் ஆரம்பிக்கிற வசனத்தை அவர்களே முடித்துவிடுகிறார்கள். பிறகு நான் எதற்கு?

என்னோடு ஒழுங்காகச் சண்டை போட ஊரில் ஒருவர்தான் இருந்தார். எதிர்ச்சாரியில் பேக்கரி வைத்திருக்கும் சிங்கள நண்பர். மூத்தவர் என்பதால் நான் அவரை 'அய்யே' என்பேன். அவர் என்னை 'மல்லி' என்பார். சிங்களத்தில் அது தம்பி. எங்கள் வீட்டில் ரசத்துக்குப் போடுவது.

சாயங்காலம் வியாபாரம் படுத்ததும் அவர் கடையில் போய்த் தேத்தண்ணியோடு உட்காருவேன். அவர் ஆட்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் பக்கம். நான் யார் வந்தாலும் நம்பாத பக்கம். அவர் தமிழில் வாதாடுவார், நான் சிங்களத்தில். பீற்றிக்கொள்வதற்காகத் தொடங்கியதுதான், பிறகு அதன் சௌகரியம் புரிந்தது. அடுத்தவர் மொழியில் ஒரு நல்ல வசவைத் தேடிப் பிடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். என் சிங்களமோ சந்தையில் கரட் வாங்கப் போதுமானது. பொருளாதாரம் பேசினால் நிதியமைச்சரைக் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்பதுபோல இருக்கும்.

தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், மீன் பணிஸைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியபடி அவர் சொன்னார்:

"மல்லி, இந்த முறை நாட்டுக்கு வித்தியாசம் வேணும்."

எனக்குச் சிங்களம் மறந்துபோயிற்று. "இருக்குற வித்தியாசம் பத்தாதா, அய்யே?" என்றேன் தமிழிலேயே.

"பத்தாது! நல்லா பெரிய வித்தியாசம் வேணும். ஒங்க ஆளுங்களும் அதுக்குத்தான் ஓட்டுப் போடணும்."

"எங்கள ஒதுக்கி வைக்க நாங்களே ஓட்டுப் போடணுமா?"

"யாரு ஒதுக்குற? மல்லிக்கு எப்பவும் பழைய மாதிரி இருக்கத்தான் ஆசை."

குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவர்கள் என்று பெயர் வாங்கிய குடும்பத்தில் பிறந்தவனிடம் 'பழைய மாதிரி'! எழுந்து வந்துவிட்டேன். காசு கொடுத்த பணிஸை மேசையிலேயே விட்டுவிட்டேன் என்பது கடைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கொள்கைக்காக நான் செய்த ஒரே தியாகம் அது.

தேர்தல் வந்தது, அவருடைய ஆட்கள் வென்றார்கள், தெருவில் பட்டாசு வெடித்தது. நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறொரு பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கினேன். சாயங்காலங்களில் என் கருத்துகளை நானே ஆமோதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சலிப்பான ஆளோடு அதற்குமுன் நான் பொழுதைக் கழித்ததில்லை. எதிர்ச்சாரியில் அவரும் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மனிதரை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவள். "எதுத்தாப்புல பேக்கரிய வச்சிக்கிட்டு ஏன் இந்தக் கல்லப் போயி வாங்கிட்டு வாறீங்க?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். பாணை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சிங்களத்துல 'வெனச'ன்னு ஒரே சொல்லுதான்; வித்தியாசமும் அதுதான், மாற்றமும் அதுதான். பாவம், மாற்றம் வேணும்னு சொல்ல வந்திருக்காரு. சிங்களம் தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கிறீங்களே, இது தெரியாதா?"

மறுநாள் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அனே மல்லி! அதுக்கா கோவம்?" பணிஸ் தட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்:

"சரி, மாற்றம். அது ஒங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"என்ன மாற்றம்?"

மாட்டிக்கொண்டேன். இத்தனை வருடமும் என்ன வேண்டாம் என்றுதான் பேசியிருக்கிறேன். பெட்டியிலிருந்த பணிஸைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மா இன்னும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்காங்க. அந்த வீட்டுக்கு விலாசம் இல்ல. கடுதாசி வந்தா தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அவங்க வாசலுக்குன்னு ஒரு நம்பர் வேணும்."

"விலாசமே இல்லயா?" உண்மையாகவே திகைத்துப்போனார். "மல்லி சொன்னதே இல்லயே."

"நீங்க கேட்டதும் இல்லயே."

எத்தனை சாயங்காலம், எத்தனை ஜனாதிபதிகளை ஏற்றி இறக்கியிருக்கிறோம்! நினைத்தாலே அசதியாக இருந்தது.

"வரும், மல்லி. இப்பதானே வந்திருக்காங்க. கொஞ்சம் டைம் குடுங்க."

"எவ்வளவு?"

பணிஸ் தட்டைப் பெட்டிக்குள் தள்ளினார். "அது எனக்குத் தெரியாது," என்றார்.

எந்த மேடையிலும், எந்தக் கட்சிக்காரரும் சொல்லி நான் கேட்டிராத பதில். எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசவும் ஒன்றும் இல்லை. இன்னொரு தேத்தண்ணி போடச் சொன்னேன்.