பிப்ரவரிக்காரர்

ரத்த வங்கியில் கொடையாளர் பதிவேட்டைப் பத்தொன்பது வருடமாகக் கட்டி மேய்ப்பவளைக் கண்ணாடியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வயதுப் பிழை, ரத்த வகைப் பிழை, ஒரே ஆள் இரண்டு தடவை பதிவானது எல்லாம் அவள் கண்ணில் பட்டுவிடும். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனாலேயே மேலாளர் அந்த வேலையை அவள் தலையில் கட்டினார்.

"பதிவுல தப்பைப் பிடிக்கிற சாஃப்ட்வேர் ரெண்டு வந்திருக்கும்மா. உங்களால ஓட்ட முடிஞ்சா யாராலயும் முடியும். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

புகழ்ச்சியா கிண்டலா என்று முணுமுணுத்துக்கொண்டே இருநூறு பேர் பட்டியலில் சோதனைக்காக இருபத்தொன்பது பிழைகளைப் புகுத்தினாள். முப்பதாவது ஏற்கெனவே இருந்தது. ஒருவர் 2000 பிப்ரவரி 29 அன்று பிறந்தாராம். நூறில் முடியும் வருடத்துக்கு ஏது இருபத்தொன்பது? பிழைகளைக் குறித்து வைத்த விடைத்தாளில் அதையும் சேர்த்தாள். பட்டியலை மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொல்லி இரண்டு கம்பெனிக்கும் கொடுத்தாள். விடைத்தாளைப் பக்கத்து மேசைக்காரியிடம் மட்டும் சரிபார்க்கக் கொடுத்தாள். பதினைந்து வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

முதல் சாஃப்ட்வேர் இருபத்தாறைப் பிடித்தது. இரண்டாவது முப்பதையும் பிடித்தது. இரண்டாவதற்கே ஓட்டுப் போட்டு அறிக்கை எழுதி முடித்தாள்.

மறுவாரம் அந்தப் பிப்ரவரிக்காரரே ரத்தம் கொடுக்க வந்தார். அடையாள அட்டையில் அதே தேதி.

"நானூறால வகுபடுற வருஷத்துக்கு உண்டும்மா," என்றார், சொல்லிச் சொல்லிச் சலித்த குரலில்.

அப்படியானால் சரியான தேதியை இரண்டாவது சாஃப்ட்வேர் எப்படிப் பிழையென்றது? பார்த்து எழுதுகிறவன்தான் பிழையையும் சேர்த்து எழுதுவான். யாருக்கும் காட்டாமல் புதுப் பட்டியல் தயாரித்துத் தானே இரண்டையும் ஓட்டினாள். முதலாவது முப்பதில் இருபத்தேழு. இரண்டாவது பதினொன்று. ரத்த வகை மாறிய மூன்று பேரையும் கோட்டை விட்டிருந்தது.

"விடைத்தாளை யாருக்குடி கொடுத்த?"

பக்கத்து மேசைக்காரி டப்பாவைப் பார்த்தபடியே சொன்னாள். "தங்கச்சி வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியிலதான் இருக்காருக்கா. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனா அவர் வேலை போயிடும்னு தங்கச்சி அழுதா. ரெண்டும் மெஷின்தானே, நமக்கென்ன தெரியும்?"

வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள்.

"நான் தப்பு பண்ணியிருந்தா நீ சொல்லுவேன்னுதான் உங்கிட்ட கொடுத்தேன். அதைப் படிச்சுக்கூடப் பார்க்கலையே நீ."

பழைய அறிக்கையைக் கிழித்துப் புதிதாக எழுதினாள். முதல் வரியில் தன் பிழையை எழுதினாள். இரண்டாவது வரியில், பதினைந்து வருடமாக 'அடியே' என்று மட்டுமே கூப்பிட்டவளின் முழுப் பெயரை எழுதினாள்.